ஸ்தோத்திரம் பழகும் பிள்ளைகளுக்கு

திடப்படுத்தல் பெற்று, முதல் திருவிருந்து எடுத்து, இனிமேல் சபையில் பெரியவர்களோடு உட்காரப்போகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கேட்கிற ஜெபத்தை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பரீட்சைக்கு முந்தின இரவில் அது தானாக வந்துவிடும். நன்றி சொல்கிற ஜெபத்தைப் பழகித்தான் எடுக்க வேண்டும். ஞாயிறு பள்ளியில் நெடுங்காலம் உங்களைப் போன்ற பிள்ளைகளோடு இருந்தவன் என்ற உரிமையில் சில புத்திமதிகளைச் சொல்கிறேன். முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்றில்லை. எது கைக்கு எட்டுகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1. மறதிக்குப் பயப்படுங்கள்.

யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தை ஒரு தடவை முழுவதும் வாசியுங்கள். செங்கடலைக் கடந்த ஜனங்கள் பாடுகிறார்கள். மிரியாம் தம்புரை எடுத்துக்கொண்டு முன்னே போகிறாள். அதே அதிகாரம் முடிவதற்குள், மூன்று நாள் நடந்த பிறகு, மாராவின் கசப்புத் தண்ணீருக்கு முன்னால் அதே ஜனங்கள் முறுமுறுக்கிறார்கள். கடல் பிளந்ததைக் கண்ணால் கண்டவர்களின் நினைவே மூன்று நாளுக்குத்தான் தாங்கியது.

ஆனால் உபாகமம் 8ஆம் அதிகாரத்தில் மோசே பயப்படுவது வனாந்தரத்தின் பசியை நினைத்து அல்ல. ஜனங்கள் சாப்பிட்டுத் திருப்தியாகி, நல்ல வீடு கட்டி, ஆடுமாடு பெருகி, வெள்ளியும் பொன்னும் சேர்ந்த பிறகு, இதெல்லாம் என் கைத்திறமை என்று சொல்லிவிடுவார்களே என்றுதான் கலங்குகிறார். வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு இந்த அதிகாரம் மிகவும் வேண்டும். உங்கள் ஜெபம் குறைகிற காலம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் வரும்.

யோர்தானைக் கடந்தபோது யோசுவா ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து வரச் செய்து நாட்டினார். பின்னால் பிள்ளைகள் இது என்ன கல் என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்பது கட்டளை. உங்கள் வீட்டில் அப்படிக் கேட்க வைக்கிற பொருள் ஏதாவது இருக்கும். பழைய வேதாகமத்தின் முதல் பக்கத்தில் தாத்தா எழுதி வைத்த பிறந்தநாள், ஞானஸ்நானத் தேதி, கல்யாணத் தேதி எல்லாம் அந்த வகைதான். உங்கள் தலைமுறையிலும் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

2. மொத்தமாகச் சொல்லாதீர்கள், எண்ணிச் சொல்லுங்கள்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். “இம்மட்டும் செய்த எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு விண்ணப்பங்களுக்குப் போய்விடுகிறோம். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் எந்த நன்மை என்று யாராவது நிறுத்திக் கேட்டால் நமக்கே பதில் தெரியாது.

104ஆம் சங்கீதத்தைப் பாடியவர் எப்படிச் செய்கிறார் என்று பாருங்கள். காட்டுக்கழுதை ஓடையில் தாகம் தீர்ப்பது, கொக்கு தேவதாரு மரத்தில் கூடு கட்டுவது, குழிமுயல் கன்மலையில் ஒண்டுவது, ராத்திரியில் சிங்கக்குட்டி இரை தேடிக் கெர்ச்சிப்பது எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்கிறார். அந்த மனுஷன் வெளியே போய் நின்று பார்த்திருக்கிறார். 136ஆம் சங்கீதத்தில் 26 வசனம். பெரும்பாலும் வசனத்துக்கு ஒரு செய்கை, ஒவ்வொன்றுக்கும் ஒரு நன்றி. ஒரே பல்லவி 26 தரம் திரும்ப வருவதால் வாசிக்கச் சலிப்பாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்வதுண்டு. சபையில் ஒருவர் முதல் பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பல்லவியைச் சொல்லட்டும். சத்தமாகச் சொன்னால் சலிப்பு போய்விடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: படுக்கப்போகும் முன் அன்றைய நாளிலிருந்து மூன்று காரியங்களை எடுங்கள். அன்றைய நாளுக்கே உரியதாக இருக்க வேண்டும். “நல்ல பெற்றோருக்காக நன்றி” என்பதை எந்த நாளிலும் சொல்லலாம். “காய்ச்சலோடு படுத்திருந்தபோது அம்மா மூன்று தடவை எழுந்து வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், அதற்காக நன்றி” என்பது அந்த இரவுக்கு மட்டும் உரியது. முதல் வாரம் கஷ்டமாக இருக்கும்; மூன்று கிடைக்காது. பிறகு பகலிலேயே கண் தேடத் தொடங்கும். எழுதி வைக்க நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்.

ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அச்சிட்ட சின்னப் புத்தகம் பல வீடுகளில் இருக்கிறது. வார்த்தை வராத நாளில் அது கைகொடுக்கும். அதைப் பழிக்க மாட்டேன். ஆனால் எத்தனை நிமிஷத்தில் ஆயிரத்தை முடித்தோம் என்று பார்க்கத் தொடங்கினால் புத்தகத்தை மூடிவிடுங்கள். அதிலிருந்து ஐந்தை எடுத்து, ஒவ்வொன்றும் உங்கள் வீட்டில் எப்படி நடந்தது என்று யோசித்துச் சொன்னால் அதுவே நிறைவு.

3. சாப்பாட்டு ஜெபத்தை அவசரப்படுத்தாதீர்கள்.

சோறு ஆறிவிடும் என்றால் சுருக்கமாகச் சொல்லுங்கள், ஆனால் யோசித்துச் சொல்லுங்கள். நாற்று நட்டவள், களத்தில் தூற்றியவர், அடுப்படியில் நின்றவள் என்று ஒருவரையாவது நினைத்துக்கொண்டு சொல்லுங்கள். ஹோட்டலில் உட்கார்ந்தால் பரிமாறுகிற தம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். உபாகமம் சாப்பிட்டுத் திருப்தியான பிறகு ஸ்தோத்தரிக்கச் சொல்கிறது. யூதர்கள் இன்றும் சாப்பிட்ட பிறகு நன்றி ஜெபம் சொல்கிறார்கள். முன்னும் பின்னும் சொல்லலாமே.

ஜெர்மனியில் ஐலன்பர்க் என்ற ஊரில் மார்ட்டின் ரிங்கார்ட் என்ற போதகர் இருந்தார். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1637இல் கொள்ளைநோய் வந்து, அந்த ஊரில் அவர் அடக்கம் செய்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர் மனைவியும் அந்த ஆண்டில்தான் இறந்தார். உலகமெங்கும் சபைகள் இன்றும் பாடுகிற ஒரு பெரிய நன்றிப் பாடல் அவர் எழுதியது. வீட்டில் பிள்ளைகளோடு சாப்பாட்டு வேளையில் பாடுவதற்காக அதை எழுதினார் என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட காலத்தில், அப்படிப்பட்ட வீட்டில், சாப்பாட்டு மேசையில் நன்றி நின்றுபோகவில்லை.

4. நன்றிக்குக் கையும் வேண்டும்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் பிடி அரிசிக் காணிக்கை என்று ஒன்று உண்டு. உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். சாக்கிலிருந்து எடுக்க மாட்டார்கள், அளந்து வைத்ததிலிருந்துதான் எடுப்பார்கள். வீட்டில் ஐந்து பேருக்கு அளந்த அரிசி ஒரு பிடி குறைந்துதான் உலைக்குப் போகும். அந்தப் பெண்கள் பனையேறிகளின் மனைவிகளாகவும் விவசாயக் கூலிகளாகவும் இருந்தவர்கள். மழைக்காலத்தில் பனைத்தொழில் நின்று, கருப்பட்டி விற்ற காசு கரைந்துபோன நாளிலும் அந்தக் கை அப்படித்தான் போய்வந்தது. எத்தனையோ ஊர்களில் உபதேசியார் வீட்டு அடுப்பு எரிந்ததும் ஏழைகளுக்குக் கஞ்சி கிடைத்ததும் இந்த அரிசியில்தான்.

இப்போது குக்கரில் சமைக்கிறோம், பானை போய்விட்டது. வழக்கம் போக வேண்டியதில்லை. சம்பளம் வந்தவுடன், செலவுக்கு முன்னால், கொஞ்சம் எடுத்து வையுங்கள். மிஞ்சினால் கொடுப்போம் என்று வைத்தால் எந்த மாதமும் மிஞ்சாது.

லேவியராகமம் 7ஆம் அதிகாரத்தில் ஸ்தோத்திர பலியைப் பற்றி ஒரு சட்டம் இருக்கிறது. பலியிட்ட மாமிசத்தை அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும்; விடியும்வரை ஒன்றும் மீதி வைக்கக் கூடாது. ஒரு குடும்பம் ஒரு முழு ஆட்டை ஒரே நாளில் எப்படித் தின்று தீர்க்கும்? அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். நன்றி சொல்ல வந்தவன் தனியாக உட்கார்ந்து சாப்பிட முடியாதபடி சட்டமே அமைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். எங்கள் சபைகளில் நடக்கிற அசனத்தை நினைத்துப் பாருங்கள். முந்தின இரவே வெங்காயமும் பூண்டும் உரிக்க ஊரே உட்கார்ந்திருக்கும். மறுநாள் பந்தியில் பண்ணையாரும் கூலிக்காரரும் ஒரே வரிசையில் இலை போட்டு உட்கார வேண்டும். எங்கேயாவது அப்படி உட்காரத் தயங்குகிறவர்களைக் கண்டால், நீங்கள் இளையவர்கள், முதலில் போய் அந்த இடத்தில் உட்காருங்கள்.

5. அறுப்பின் பண்டிகைக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்.

வாழைத்தார், பூசணி, தேங்காய், கருப்பட்டிச் சிப்பம், காலைக் கட்டிய கோழி எல்லாம் பலிபீடத்தின் முன் குவிந்திருக்கும். நகரத்தில் இருக்கிறவர்கள் கடையில் வாங்கிக்கொண்டு போகிறார்கள், அதுவும் நல்லதுதான். முடிந்தால் ஒரு தொட்டியில் கத்தரியோ மிளகாயோ நீங்களே வைத்து வளர்த்துக் கொண்டுபோங்கள். ஆராதனை முடிந்து ஏலம் விடும்போது ஒரு ஏழைப் பாட்டி கொண்டுவந்த இரண்டு முட்டையைக் குறைந்த விலையில் முடித்துவிடாமல் ஏற்றிக் கேளுங்கள். அந்தப் பாட்டி அங்கே நின்றுகொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள்.

6. பொருத்தனையையும் நன்றியையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வேலை கிடைத்தால் இவ்வளவு தருகிறேன் என்பது பொருத்தனை. யாக்கோபு பெத்தேலில் அப்படித்தான் செய்தான். உண்ண அப்பமும் உடுக்க வஸ்திரமும் தந்தால் பத்தில் ஒன்று தருவேன் என்றான். கர்த்தர் அவனைத் தள்ளிவிடவில்லை. ஆனாலும் நன்றி என்பது கணக்கு தீர்ப்பது அல்ல. செலுத்தியாயிற்று, இனி கடன் இல்லை என்ற நினைப்பு வந்தால் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

7. சாட்சி சொல்லும்போது இரண்டாவது பெஞ்சைப் பாருங்கள்.

உங்களுக்குச் சுகம் கிடைத்தது, சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே நோயில் மகனைப் புதைத்த தாய் அங்கே உட்கார்ந்திருப்பாள். “நான் விசுவாசத்தோடு கேட்டேன், கிடைத்தது” என்று நீங்கள் சொன்னால், அவள் காதில் அது “நீ விசுவாசத்தோடு கேட்கவில்லை” என்று விழும். நடந்ததைச் சொல்லுங்கள், யார் யார் உதவினார்கள் என்று சொல்லுங்கள், மருத்துவமனையில் இரவெல்லாம் கூட இருந்த நர்ஸைச் சொல்லுங்கள். உங்கள் விசுவாசத்தின் அளவைச் சொல்ல வேண்டாம். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு, ஆராதனைக்குப் பிறகு அந்தத் தாயிடம் போய்ச் சும்மா பக்கத்தில் நில்லுங்கள்.

8. துக்கத்தை மூடுவதற்கு ஸ்தோத்திரத்தை எடுக்காதீர்கள்.

இதில் அநேகர் இடறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். இழவு வீட்டுக்குள் நுழைந்தவுடன் “எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் பண்ணுங்கள்” என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு அப்படி எழுதினார் என்பது உண்மை. ஆனால் அழுகிறவர்களோடு அழுங்கள் என்று ரோமருக்கு எழுதியவரும் அவர்தான். லாசருவை எழுப்பப்போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அழுதார்.

யோபு, கொடுத்தவர் எடுத்தார் என்று சொல்லி முதல் அதிகாரத்தில் கர்த்தரைத் துதிக்கிறார். அந்த வசனத்தைச் சொல்கிறவர்கள் மூன்றாம் அதிகாரத்தைப் புரட்டுவதில்லை. அங்கே அவர் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அதற்குப் பிறகு அதிகாரம் அதிகாரமாகக் கர்த்தரோடு வழக்காடுகிறார். கடைசியில் கர்த்தர் யார் சரியாகப் பேசினார்கள் என்று சொல்கிறார்? ஒழுங்காக உபதேசம் பண்ணிய சிநேகிதர்களை அல்ல, யோபுவை. 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. துதியாகத் திரும்பவே இல்லை. அதுவும் துதிகளின் புத்தகத்துக்குள் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வருஷம் வரலாம். அந்த வருஷத்தில் பாட முடியாவிட்டால் கோயிலுக்கு வந்து உட்கார்ந்தால் போதும், மற்றவர்கள் உங்களுக்காகப் பாடுவார்கள்.

ஆபகூக்கின் கடைசி அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அத்திமரம் இல்லை, திராட்சை இல்லை, ஒலிவம் இல்லை, வயலில் தானியம் இல்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை. ஆறையும் ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான் ஆனாலும் மகிழுவேன் என்கிறார். நன்மையை எண்ணிச் சொல்லுங்கள் என்று மேலே சொன்னேன். அவர் நஷ்டத்தையும் எண்ணிச் சொல்கிறார். எது போனது என்று துல்லியமாகத் தெரிந்தவன் சொல்கிற துதிக்கு ஒரு கனம் இருக்கிறது.

டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தார். 1895இல் இந்தியாவுக்கு வந்து, கோயில்களுக்கு விடப்பட இருந்த பெண்பிள்ளைகளுக்கு வீடு அமைத்தவர். பிள்ளைகள் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். 1931இல் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். பிறகு 1951இல் மரிக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில், கட்டிலில். அந்தக் கட்டிலில் இருந்தபடி பல புத்தகங்கள் எழுதினார். அவற்றில் ஒன்று நோயாளி ஒருத்தி நோயாளிகளுக்கு எழுதிய கடிதங்கள். நல்ல சுகத்தோடு இருக்கிறவர்கள் படுக்கையில் கிடப்பவர்களுக்கு எழுதுகிற தேறுதல் எப்படிப் பட்டும் படாமலும் போகிறது என்று அவருக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. நீங்கள் சுகமாக இருக்கும்போது படுக்கையில் இருப்பவரிடம் ஸ்தோத்திரம் சொல்லச் சொல்லாதீர்கள். அவரே சொல்லும்போது “ஆமென்” சொல்லுங்கள்.

திருவிருந்தில் ஒவ்வொரு தடவையும் கேட்பீர்கள், கர்த்தர் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார் என்று. எந்த இரவில் என்பதையும் கவனியுங்கள். காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில். யூதாஸ் யார் என்று தெரிந்தும், கெத்செமனே வரப்போகிறது என்று தெரிந்தும், கையில் இருந்த அப்பத்துக்காக நன்றி சொன்னார். அதே இரவில் சற்றுப் பிறகு, இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்றும் கேட்டார். இரண்டு ஜெபத்துக்கும் நடுவே சில மணி நேரந்தான். உங்களுக்கும் இரண்டையும் சொல்ல இடம் உண்டு.

9. பாட்டை மனப்பாடம் பண்ணுங்கள்.

போன் இல்லாத இடத்திலும் வெளிச்சம் இல்லாத நேரத்திலும் அது வேண்டியிருக்கும். பிலிப்பி சிறையில் தொழுமரத்தில் கால் மாட்டியிருந்த பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடியபோது கையில் பாட்டுப்புத்தகம் இருக்கவில்லை. பாளையங்கோட்டையில் வளர்ந்து, தஞ்சாவூரில் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் படித்த வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) ஏறக்குறைய தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து எத்தனையோ பாடல்களை நமக்குத் தந்துவிட்டுப் போயிருக்கிறார். கீர்த்தனைகளில் மாதத்துக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டாலும் வருஷத்துக்குப் பன்னிரண்டு சேரும். நினைவு தப்பிப்போன முதியவர்களைப் பார்க்கப் போனால் இதன் அருமை தெரியும். மகன் பெயர் மறந்துபோனவர்கூட நாம் முதல் அடியை எடுத்துக்கொடுத்தால் சரணம் வரை கூடவே பாடிவிடுவார்.

10. கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு பாடாதீர்கள்.

ஆமோஸ் 5ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தமக்குப் பாடுகிற பாட்டின் இரைச்சலை அகற்றச் சொல்கிறார். நியாயம் தண்ணீரைப்போலப் புரள வேண்டும் என்கிறார். வயலை அறுத்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தம் நிருபத்தில் எழுதுகிறார். அறுப்பின் பண்டிகை கொண்டாடுகிற சபைகள் அந்த வசனத்தை அன்றைக்கே வாசிக்கலாம். அதேபோல, கூலி குறைந்ததென்று கேட்கிறவரிடம் “இருப்பதற்கு நன்றியாயிரு” என்று யாரும் சொல்ல விடாதீர்கள். நியாயம் கேட்பது முறுமுறுப்பு ஆகாது. விடாமல் நியாயாதிபதியிடம் போன விதவையைக் கர்த்தர் மெச்சிக்கொண்டார்.

11. மனுஷருக்கும் சொல்லுங்கள்.

ரோமர் 16ஆம் அதிகாரத்தைப் பெயர்ப்பட்டியல் என்று தாண்டிவிடுகிறோம். நிதானமாக வாசியுங்கள். பெபேயாள் அநேகருக்கு ஆதரவாக இருந்தவள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் பவுலின் உயிருக்காகத் தங்கள் கழுத்தைக் கொடுத்தவர்கள். ரூபுவின் தாய் தனக்கும் தாய் என்கிறார். இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பெயர் சொல்லி, பலருக்கு இன்ன காரணம் என்றும் சேர்த்து எழுதுகிறார். தேவனுக்கு எண்ணி நன்றி சொல்லப் பழகிய கை மனுஷருக்கும் அப்படியே எழுதுகிறது.

உங்கள் கோயிலில் ஞாயிறு விடியும் முன்னே மணி அடித்து, பெஞ்சு துடைத்து வைக்கிற கோயில்பிள்ளையிடம் யாராவது நன்றி சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? ஆர்கன் வாசிக்கிறவருக்கு, பாடகர் குழுவில் கடைசி வரிசையில் நிற்கிறவருக்கு, எழுத்து கற்றுத்தந்த முதல் டீச்சருக்கு? அவர்களில் சிலர் இப்போது வயதாகி வீட்டோடு இருக்கிறார்கள். நீங்கள் படித்த பள்ளியிலேயே விசாரித்தால் வீட்டைக் காட்டுவார்கள். “எல்லாத்துக்கும் ரொம்ப தேங்க்ஸ் டீச்சர்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். கைபிடித்து எழுதவைத்த எழுத்தையோ, கட்டணம் கட்ட முடியாமல் வெளியே நின்ற நாளில் உள்ளே கூட்டிப்போனதையோ, எது உங்களுக்கு நினைவிருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். போனில் சொல்வதைவிட நேரில் போவது நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் போனால் வீட்டில் இருப்பார்கள்.